மோஷன் பிளர்: மங்கலா, தீற்றலா?

'இயக்க மங்கலால் கேமரா கண்காணிப்பு தோல்வியடைந்தது.' விஷுவல் எஃபெக்ட்ஸ் பாடம் ஒன்றுக்குப் போட்டிருந்த தமிழ் வசன வரி இது. இதே சொற்களைக் காணொளிகளிலும் பயிற்சிக் கைப்பிரதிகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. துறை தெரியாத ஒருவரிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்தால், எங்கோ சிசிடிவி கேமராவில் படம் இருட்டாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தமிழுக்கு அதுதான் பொருள்.

சொல்ல வந்த விஷயமோ வேறு. ஆங்கிலத்தில் 'மோஷன் பிளர்' என்றிருந்தது இயக்க மங்கலாகவும், 'கேமரா டிராக்கிங்' என்றிருந்தது கேமரா கண்காணிப்பாகவும் ஆகிவிட்டது. படம் பிடிக்கும்போது கேமரா வேகமாகத் திரும்பியிருக்கிறது. காட்சியில் இருந்த புள்ளிகளெல்லாம் கோடுகளாக இழுபட்டுவிட்டன. அவற்றை ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்த ஃப்ரேமுக்குப் பின்தொடர மென்பொருளால் முடியவில்லை.

வேர்ப்பொருளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'பிளர்' 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எழுத்தின் மேல் மை இழுபட்ட கறையைக் குறித்தது. 'ட்ராக்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. காலடித் தடம், போன வழி என்று பொருள். இரண்டுக்கும் மிக நெருங்கிய சொற்கள் தமிழில் புழக்கத்தில் இருக்கும்போது மங்கலும் கண்காணிப்பும் எப்படி நுழைந்தன என்பதுதான் என் ஆற்றாமை.

முதலில் மங்கல். விளக்கு மங்கும், சாயம் மங்கும், புகழ் மங்கும். எல்லாவற்றிலும் ஒளியோ பொலிவோ குறைகிறது. 'பார்வை மங்கலாகத் தெரிகிறது' என்றும் சொல்கிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் பிளர் என்று எங்கே வந்தாலும் மங்கல் போடுகிறார்கள். ஃபோகஸ் தவறிய படத்துக்கு மங்கல் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் மோஷன் பிளர் உச்சி வெயிலில், ஃபோகஸ் துல்லியமாக இருக்கும்போதும் வரும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் பொருளோ கேமராவோ நகர்ந்துவிடுவதால் வருவது அது. ஃபோகஸ் தவறினால் புள்ளி எல்லாப் பக்கமும் பரவும். அசைவில் இழுபட்டால் அசைந்த திசையில் மட்டும் நீளும். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று என்றாகிவிடுகிறது. 'இயக்க மங்கல்' என்று படித்த ஒரு மாணவர் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டினால் டிராக் பிடிக்குமா என்று என்னிடம் கேட்டார். அவர் படித்த சொல்லிலிருந்து பார்த்தால் நியாயமான கேள்விதான்.

கூடவே வரும் 'இயக்கம்' இன்னொரு தொல்லை. சினிமாவில் இயக்கம் என்றால் இயக்குநர் செய்வது. அசைவு என்ற சின்னச் சொல் இருக்க அதை எதற்குக் கொண்டுவர வேண்டும்?

நான் சொல்வது அசைவுத் தீற்றல். சுவருக்குச் சுண்ணாம்பு தீற்றுவார்கள்; ஓவியர்கள் தூரிகைத் தீற்றல் என்பார்கள். ஈரமான ஒன்று ஒரு திசையில் இழுபட்டுப் படிவதுதான் தீற்றல். திசையும் நீளமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன, வேலைக்கு வேண்டியவையும் அவைதான். விநாடிக்கு 24 ஃப்ரேமில், 180 டிகிரி ஷட்டரில் (ஒரு ஃப்ரேமின் நேரத்தில் பாதி மட்டும் ஷட்டர் திறந்திருக்கும்) எடுத்த காட்சி என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 விநாடி ஒளியை வாங்குகிறது. 1920 பிக்சல் அகலப் படத்தை ஒரு புள்ளி 2 விநாடியில் கடக்கும்படி கேமரா திரும்பினால், அந்தப் புள்ளி ஃப்ரேமுக்கு 40 பிக்சல் நகரும், ஷட்டர் திறந்திருக்கும் பாதி நேரத்தில் 20 பிக்சல் நீளத்துக்குத் தீற்றலாகும். ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில், புள்ளியைப் பின்தொடர வைக்கும் குறியான மார்க்கரின் உள்சதுரம் இயல்பாக 21 பிக்சல். தீற்றலே சதுரத்தை நிரப்பிவிடுகிறது. மென்பொருள் எதைப் பிடித்துக்கொள்ளும்? சதுரத்தையும் தேடும் பரப்பையும் பெரிதாக்க வேண்டும். அதிலும் அடங்காத ஃப்ரேம்களில் தீற்றலின் நடுவில் மார்க்கரைக் கையால் வைக்க வேண்டும்.

அந்த 'நடு' முக்கியம். இப்படிப் பின்தொடர்ந்து கணக்கிட்ட கேமரா அசைவைக் கொண்டு 3டி பொருளைக் காட்சியில் வைத்து ரெண்டர் செய்யும்போது (கணினியில் படமாக்கும்போது) அதற்கும் அதே அளவு தீற்றல் தர வேண்டும். இல்லையென்றால் பொருள் மட்டும் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது ஷட்டர் ஃப்ரேமின் தொடக்கத்தில் திறப்பதாக அமைத்திருந்தால், தீற்றலின் நடு, மேலே சொன்ன காட்சியில் 10 பிக்சல் தள்ளிப்போய்விடும். டிராக் நன்றாகவே இருக்கும், ஆனால் கேமரா வேகமெடுக்கும் இடங்களில் பொருள் தரையில் வழுக்குவது போலத் தெரியும். குறையை டிராக்கில் தேடி நாள் கணக்கில் வீணடிப்பவர்கள் உண்டு. ப்ளெண்டரில் ஷட்டர் நிலையை ஃப்ரேமின் நடுவுக்கு வைத்தால் தீர்ந்தது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் ஷட்டர் கோணம் 180 என்றால், ஷட்டர் எப்போது திறக்கிறது என்பதைக் குறிக்கும் ஷட்டர் ஃபேஸ் -90 இருக்க வேண்டும். 'தீற்றலின் நடு' என்று சொன்னால் இது உடனே விளங்குகிறது. மங்கலுக்கு ஏது நடு?

அடுத்தது கண்காணிப்பு. ஒருவர் தவறு செய்யாமல் பார்த்துக்கொள்வது கண்காணித்தல். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மேலிருந்து பார்க்கும் அதிகாரம் அந்தச் சொல்லில் ஊறியிருக்கிறது. மார்க்கர் எதையும் மேற்பார்வை செய்வதில்லை. போன வழியே போகிறது. அதற்குத் தடம்பற்றல் என்பதே தமிழ். பிடி விட்டுப்போனால் 'தடம் நழுவியது' எனலாம். வேறொரு புள்ளிக்குத் தாவிவிட்டால் 'தடம் மாறியது'. யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இதில் ஆங்கிலச் சொல்லும் சுத்தமில்லை. கேமரா டிராக்கிங் என்கிறார்கள், ஆனால் தடம்பற்றப்படுவது கேமரா அல்ல, படத்தில் உள்ள புள்ளிகள். அந்தத் தடங்களிலிருந்து கேமரா எங்கே நின்றது, எப்படித் திரும்பியது என்று கணக்கிடுவது இரண்டாவது கட்டம், 'சால்வ்'. மொழிபெயர்ப்பாளர்கள் முதல் கட்டத்தையும் இரண்டாவதையும் சேர்த்துக் கண்காணிப்பு என்று எழுதிவிடுவதால், தடம் சரியாக இருந்தும் ஃபோகல் லெங்த் (லென்ஸின் குவியத் தூரம்) தப்பாகக் கொடுத்ததால் வந்த பிழையை எங்கே தேடுவது என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. புள்ளிகளுக்குத் தடம்பற்றல், கேமராவுக்கு நகர்வு மீட்பு என்று பிரித்து எழுதினால் போதும்.

கேமராவையே ஒளிப்பதிவுக் கருவி ஆக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேமரா, ஷட்டர், ஃப்ரேம் எல்லாம் தமிழர் வாயில் பழகிய சொற்கள், அப்படியே இருக்கட்டும். புரியாத இடத்தில் 'பிளர்' என்றே எழுதினால்கூட எனக்கு வருத்தமில்லை. ஸ்டூடியோவில் அப்படித்தான் பேசுகிறோம். தமிழ் என்ற பெயரில் தப்பான பொருளைத் தருவதுதான் பொறுக்கவில்லை. ஷட்டரைத் திறந்து மூடிப் பார்க்காதவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள்.

தடம் என்றால் கேமராவை வைத்துத் தள்ளும் ட்ராலி ஓடும் ட்ராக்கோடு குழம்பாதா என்று கேட்பார்கள். குழம்பாது. அது தண்டவாளம்.