செங்கொடி ஜெயித்தால் ஏலக்காய் விலை ஏறுமா?

கேரளத்தில் ஓட்டு எண்ணுகிற நாளில் கம்பம், கூடலூர், போடி டீக்கடைகளில் மலையாளச் சேனல் ஓடும். காலையில் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது, ஆனால் கூலி அங்கேதான். "அண்ணே, இவங்க வந்தா கூலி ஏத்துவாங்களா?" என்று கேட்பார் ஓர் அக்கா. "ஏத்துவாங்க. அப்புறம் தோட்டத்த மூடிருவாங்க" என்பார் கமிஷன் கடைக்காரர். இரண்டு பேரும் செய்வது முன்கணிப்புதான். பொருளாதார ஆய்வாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. ஆனால் ஊகத்தைச் சோதித்துப் பார்க்க அவர்களிடம் சில வழிகள் இருக்கின்றன.

இடதுசாரி வெற்றி என்றதும் இங்கே எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2004 மே 17. அந்த மக்களவைத் தேர்தலில் வாஜ்பாய் அரசே திரும்பி வரும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். வந்ததோ 59 இடதுசாரி எம்.பி.க்களின் ஆதரவை நம்பியிருந்த காங்கிரஸ் கூட்டணி. கேரளத்தில் மட்டும் 20 இடங்களில் 18 இடது முன்னணிக்கு. பொதுத்துறைப் பங்கு விற்பனை நின்றுவிடும் என்று பேச்சு கிளம்பியது. அந்தத் திங்கட்கிழமை மும்பைச் சந்தையில் வர்த்தகத்தை இருமுறை நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் சென்செக்ஸ் 842 புள்ளிகள் வரை சரிந்து, கடைசியில் 565 புள்ளி இறக்கத்தோடு 4505இல் முடிந்தது. ஒரே நாளில் 11 சதவீதம்.

அதே சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்டது. அணு ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டது அதே ஆண்டு ஜூலையில். அதாவது, அந்த ஏற்றம் முழுவதும் அவர்கள் ஆதரவு இருந்த காலத்தில் நடந்தது. அப்படியானால் சந்தை முட்டாளா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

சந்தை விலையில் தேர்தல் முடிவு பற்றிய எதிர்பார்ப்பு முன்பே ஏறியிருக்கும். முடிவு வந்ததும் அசைவது அந்த எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி மட்டுமே. ஒரு கட்சி ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு என்று எல்லோரும் நினைத்திருக்க, அது ஜெயித்து, சந்தை 4 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்பு 60இலிருந்து 100க்குப் போனது, அதாவது 0.4 நகர்ந்தது. 4ஐ 0.4ஆல் வகுத்தால் 10. அந்தக் கட்சிக்கும் அதன் எதிரிக்கும் இடையே சந்தை பார்க்கிற வித்தியாசம் 10 சதவீதம். திரையில் தெரிந்தது அதில் ஒரு பகுதிதான்.

இந்த வகுத்தலுக்கு, வாய்ப்பு எப்போது எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய வேண்டும். 2004 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் அதற்கு ஓர் அபூர்வ வாய்ப்பு அமைந்தது. ஓட்டுப்பதிவு நடக்கும்போதே பிற்பகலில் கெர்ரி முந்துகிறார் என்ற கருத்துக்கணிப்பு கசிந்தது, பங்குகள் இறங்கின. கணிப்பு தவறு, புஷ்தான் வருகிறார் என்று தெரிந்ததும் ஏறின. அன்று பொருளாதாரத்தில் வேறெதுவும் மாறவில்லை. பந்தயச் சந்தையில் இருவரின் வாய்ப்பும் எப்படி நகர்ந்தது என்பதைப் பங்கு விலையோடு பொருத்திப் பார்த்தவர்கள், பங்குகளுக்குப் புஷ் வெற்றியின் மதிப்பு கெர்ரி வெற்றியைவிட 2 முதல் 3 சதவீதம் அதிகம் என்று கணக்கிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். பங்குச்சந்தை அளப்பது பங்கு வைத்திருப்பவரின் லாப எதிர்பார்ப்பை. கூலி கூடி லாபம் குறையும் என்று தோன்றினாலும் அது விழும். கூலி வாங்குகிறவருக்கு அந்த வீழ்ச்சி நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம்.

கேரளத்துக்கு வருவோம். 1980 முதல் 2016 வரை அங்கே இடது முன்னணியும் காங்கிரஸ் முன்னணியும் மாறி மாறித்தான் வந்தன. 2021இல் 99 இடங்களோடு இடது முன்னணி தொடர்ந்தபோதுதான் அந்த வழக்கம் முறிந்தது. இந்த முறை இவர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அதிர்ச்சிக்கு இடமில்லை. கடையை மூடிக்கொண்டு கிளம்புவதைவிட ஐந்து வருடம் பொறுப்பது லாபம் என்று வியாபாரிகளும் பழகிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய காரணம், மாநில அரசின் கையில் என்ன இருக்கிறது என்பது. ரூபாய் அதன் கையில் இல்லை. இறக்குமதித் தீர்வையும் இல்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் பெரும்பாலான வரி விகிதங்களும் தனியாக முடிவுசெய்ய முடியாதவை. எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு மத்திய அரசின் சம்மதம் வேண்டும். மிச்சம் இருப்பது நிலம், போலீஸ், பள்ளிக்கூடம், குறைந்தபட்சக் கூலி, மது. எனவே தேர்தல் அறிக்கையைப் படிப்பதற்குமுன் இந்தப் பட்டியலைப் படிப்பது நல்லது.

ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022இல் ஆயிரத்துக்கும் கீழே. இரண்டு சமயத்திலும் திருவனந்தபுரத்தில் அதே பினராயி விஜயன். 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் கெடுத்தன, விலை ஏறியது. பிறகு காய் குவிந்தது, இறங்கியது. இதற்கு நடுவே 2021இல் ஒரு தேர்தல் வந்து போனது. வெறும் தேதியைப் பார்த்து ஆட்சியால் விலை விழுந்தது என்று சொல்லியிருந்தால் எவ்வளவு அபத்தம்!

கூலி வேறு கதை, அரசு தொடக்கூடிய பொருள் அது. ரிசர்வ் வங்கிக் கையேட்டின்படி 2022-23இல் கேரளக் கிராமங்களில் விவசாயத் தொழிலாளியின் நாள்கூலி சராசரி 764 ரூபாய், நாட்டின் சராசரி 346. ஆனால் அங்கும் கொடியின் நிறம் மட்டும் போதாது. 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில், இடதுசாரிச் சங்கம் உட்பட எல்லாச் சங்கத்தாரையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். தேயிலைத் தோட்டத்தின் நாள்கூலி 232இலிருந்து 301 ஆனது. அப்போது நடந்தது காங்கிரஸ் முன்னணி ஆட்சி.

அரசியல் விளைவைக் கணிக்க வேறு கேள்வி வேண்டும்: நஷ்டம் யாருக்கு, அவர்களால் எவ்வளவு வேகமாகத் திருப்பி அடிக்க முடியும்? 1957இல் கம்யூனிஸ்ட்டுகள் 126இல் 60 இடங்கள் வென்று, 5 சுயேச்சைகளின் ஆதரவோடு ஆட்சி அமைத்தார்கள். ஏப்ரல் 5இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வராகப் பதவியேற்றார், ஒரு வாரத்துக்குள் குத்தகைதாரர்களை வெளியேற்றத் தடை வந்தது. அடுத்து நிலமசோதா, கல்வி மசோதா. லாபம் அடைகிறவர்கள் லட்சக்கணக்கில் சிதறிக் கிடந்தார்கள், பட்டா கைக்கு வர வருடங்கள் ஆகும். நஷ்டமடையும் நில உடைமையாளர்களும் பள்ளி நிர்வாகங்களும் ஏற்கெனவே சபையும் சங்கமுமாகத் திரண்டிருந்தார்கள், அவர்களுக்கு இன்றே நஷ்டம். அரசை இறக்க விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) மூண்டது. 1959 ஜூலை 31இல் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது.

1960 தேர்தலைத்தான் நான் மாணவர்களுக்குப் பாடமாக வைப்பேன். கம்யூனிஸ்ட் ஓட்டு 35 சதவீதத்திலிருந்து 39க்கு ஏறியது. இடங்கள் 60இலிருந்து 29க்கு விழுந்தன! மக்கள் கைவிடவில்லை, எதிரிகள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். ஓட்டு சதவீதத்தை மட்டும் கணித்தவர் சரியாகச் சொல்லியும் தோற்றிருப்பார்.

வெளிநாட்டார் தோட்டங்களை அரசுடைமையாக்குவோம் என்றும் 1957இல் வாக்குறுதி இருந்தது. நடக்கவில்லை. 1970இல் அமலுக்கு வந்த நில உச்சவரம்பும் தோட்டங்களுக்கு விலக்களித்தது. மூலதனம் ஓடிவிடும் என்ற பயம் ஆட்சியாளரையும் பிடிக்கும் என்பதுதான் கணிப்பைச் சிக்கலாக்குகிறது. ஈ.எம்.எஸ். அரசே 1958இல் மாவூர் ரேயான் ஆலைக்காக பிர்லாவோடு ஒப்பந்தம் போட்டது. பிரேசிலில் 2002 அதிபர் தேர்தலில் இடதுசாரி வேட்பாளர் லூலா முந்துகிறார் என்றதும் டாலருக்கு எதிராக அந்நாட்டு நாணயமான ரெயால் சரிந்தது. அதைப் பார்த்து, கடன் ஒப்பந்தங்களை மதிப்போம் என்று லூலா தேர்தலுக்கு முன்பே பகிரங்கக் கடிதம் எழுதினார். பதவிக்கு வந்தபின், வட்டிச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் அரசுக்கு மிஞ்சும் வரவின் இலக்கை நாட்டு உற்பத்தியில் 4.25 சதவீதமாக உயர்த்தினார். சந்தை பயந்ததாலேயே பயந்தது நடக்கவில்லை. இதைத் தவறிய கணிப்பு என்பதா, பலித்த எச்சரிக்கை என்பதா?

தன் ஆட்களைக் கட்டுப்படுத்துவது இடதுசாரிகளுக்குச் சில சமயம் மற்றவர்களைவிட எளிது. பொள்ளாச்சியிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிக்காரர்களுக்கு நோக்குகூலி தெரியாமல் இருக்காது. மூட்டையை நாமே இறக்கினாலும், நின்று பார்த்த சுமைதூக்கும் தொழிலாளிக்கும் காசு வைக்க வேண்டும். 2018 மே 1, தொழிலாளர் தினத்தன்று, அதைத் தடைசெய்தது பினராயி அரசு. தேர்தலுக்கு முன் எந்தக் கணிப்பாளரிடம் கேட்டிருந்தாலும் காங்கிரஸ்தான் இதைச் செய்யும் என்றிருப்பார். ஆனால் உத்தரவு போட்டதால் ஒழிந்துவிடவில்லை. 2021இல் கேரள உயர் நீதிமன்றம், நோக்குகூலி கேட்டால் மிரட்டிப் பணம் பறித்த வழக்காகவே பதிவு செய்யுங்கள் என்று போலீசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.