சைக்கிளில் போனவரை வண்டி இடித்தால்: முதல் நாளே பார்க்க வேண்டியவை

முள்ளோடைக்குப் பக்கத்தில் ஒரு கொத்தனாரை கார் இடித்துவிட்டது. புதுச்சேரியில் வேலை முடித்து, சைக்கிளில் கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். எங்கள் தெருக்காரர். காலில் எலும்பு முறிவு. ஸ்டேஷனுக்குப் போன அவர் மனைவியிடம், "சைக்கிளுக்கு ஏதும்மா இன்சூரன்ஸ்? கேஸ் நிக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் நம்பி வந்துவிட்டார். எனக்கு விஷயம் தெரிந்தபோது நான்கு மாதம் ஓடியிருந்தது.

அவரிடம் சொன்னது முழுத் தவறு. சைக்கிளுக்கு லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. பணம் தர வேண்டியது இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளில் போகிறவருக்கும் நடந்து போகிறவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். சிக்கல் எல்லாம் அதை வாங்கப் போகும் வழியில்தான்.

வழக்கு முதலில் கெடுவது ஆஸ்பத்திரியில். அவசரப் பிரிவில் டாக்டர் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு எழுதுவார். "எப்படி அடிபட்டது?" என்று கேட்கும்போது, போலீஸ் தொல்லை வேண்டாம் என்று கூட வந்தவர் "சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து கம்பெனி வக்கீல் "தானாக விழுந்தவர்" என்று வாதாடுவார். என்ன வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லுங்கள். நம்பர் தெரிந்தால் நம்பரையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத வண்டி" என்றே எழுதச் சொல்லுங்கள். காயச் சான்றிதழையும் வாங்கிப் படியுங்கள். எலும்பு முறிந்திருந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். "சாதாரண காயம்" என்று வந்திருந்தால் எக்ஸ்ரேயோடு திரும்பப் போய் அன்றே கேளுங்கள்.

அடுத்தது எல்லைத் தகராறு. கடலூர் சாலையில் கொஞ்ச தூரம் தமிழ்நாடு, கொஞ்ச தூரம் புதுச்சேரி. இந்த ஸ்டேஷன் அங்கே போகச் சொல்லும், அந்த ஸ்டேஷன் இங்கே போகச் சொல்லும். காலில் கட்டோடு இருப்பவரை ஆட்டோவில் ஏற்றி அலைய விட்டதைப் பார்த்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும். எல்லை பார்த்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மறுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டு ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (சமுதாய சேவைப் பதிவேடு) ரசீது கொடுத்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அது புகார் கொடுத்ததற்குத்தான் அத்தாட்சி. நஷ்டஈட்டு வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும், அதை இலவசமாகத் தர வேண்டும். அதில் "சைக்கிள் ஓட்டியவர் திடீரெனக் குறுக்கே வந்ததால்" என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சைக்கிளை ரிப்பேருக்கு விடாதீர்கள். மறுநாள் வேலைக்குப் போக அதுதான் வண்டி என்பது புரிகிறது. ஆனால் வளைந்த பின்சக்கரம், பின்னால் வந்து இடித்ததற்குச் சாட்சி. போட்டோ எடுத்து, போலீஸ் பார்க்கும்வரை அப்படியே வையுங்கள்.

சிகிச்சைக்கு: விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். அடிபட்டவர் புதுச்சேரிக்காரர் என்றாலும் உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்போதும் பணம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மனு வருவாய்த் துறை வழியாகக் கலெக்டரிடம் போகும். "வண்டி கிடைக்கட்டும், பார்க்கலாம்" என்று உட்கார வைத்தால் உட்காராதீர்கள்.

வண்டி தெரிந்தால், விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு சொல்கிறது. "கால் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். விபத்து புதுச்சேரியில் நடந்திருந்தாலும், கடலூரில் குடியிருப்பவர் கடலூரிலேயே மனு போடலாம். எங்கள் கொத்தனார் அப்படித்தான் போட்டார். சம்பளச் சீட்டு கிடையாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்ததால் தொழிலையாவது காட்ட முடிந்தது.

இனி சைக்கிள் ஓட்டுகிறவர் பக்கம். தீர்ப்பாயம் உங்கள் கவனக்குறைவு எத்தனை சதவீதம் என்று பார்த்து அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும். ராத்திரியில் விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாதது, எதிர்த்திசையில் வந்தது, கைகாட்டாமல் வலதுபக்கம் திரும்பியது, கம்பியைக் குறுக்கே கட்டிப் போனது எல்லாம் அங்கே பேசப்படும். குடித்திருந்தால் ஏ.ஆர். பதிவிலேயே வாடை ஏறிவிடும். புதுச்சேரி நேரு வீதி மாதிரி ஒருவழிப் பாதையில் சைக்கிள்தானே என்று எதிரே நுழையாதீர்கள். பிளஸ் ஒன்னில் பிள்ளைக்கு இலவச சைக்கிள் வந்தால், பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அன்றே ஒட்டிக்கொடுங்கள்.

சைக்கிள்காரர் மேலும் வழக்கு வரும். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 281ஆம் பிரிவு, பொதுச் சாலையில் ஆபத்தாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் பொருந்தும்: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போனைப் பார்த்தபடி ஓட்டி ஒரு பாட்டியைத் தள்ளிவிட்டால் மாட்டுவது நீங்கள்தான்.

கடைசியாக, கார்க்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து பழம், ஹார்லிக்ஸ், கூடவே பத்தாயிரம் ரூபாய் கொடுப்பார். "சமாதானமாப் போயிடலாம்ணா" என்று ஒரு தாளை நீட்டுவார். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பாயம் தரச் சொல்லும் தொகையைக் கட்டப்போவது அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிதான் என்பதை அவருக்கே பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அது தெரியாது.