உண்ணிக் காய்ச்சல்: நாய் சாப்பிட ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள்

"உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லையே டாக்டர்" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். நாய்க்கோ இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு கொதிக்கிறது, மூக்கில் ரத்தம் வேறு. உண்ணி கடிக்கும்போது பரவும் எர்லிகியா என்ற கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்பட 8 முதல் 20 நாள் ஆகும். அதற்குள் கடித்த உண்ணி வயிறு முட்டக் குடித்துவிட்டு உதிர்ந்திருக்கும்.

நான் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் ரத்தசோகை. அடிவயிற்றில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியாவைச் சந்தேகிப்போம். அது சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைத்துவிடும். ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமி தென்படாவிட்டாலும் சந்தேகம் தீராது, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை தேவைப்படலாம்.

எர்லிகியாவுக்கு டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளிலேயே காய்ச்சல் இறங்கி, நாய் தட்டை நக்க ஆரம்பித்துவிடும். சரியாகிவிட்டது என்று அங்கேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தங்கிவிட்ட கிருமி மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட, வெளியே தெரியாமல் இருக்கும். சில நாய்களுக்கு எலும்பு மஜ்ஜையே செயலிழந்துபோகும். அந்த நிலையில் வரும் நாய்க்கு ரத்தம் ஏற்றினாலும் பிழைப்பது கஷ்டம். தயவுசெய்து 28 நாளையும் முடியுங்கள். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், உணவுக்குழாய் புண்ணாகும்.

பபீசியாவுக்கு வைத்தியமே வேறு. பெரிய வகைக்கு இமிடோகார்ப் ஊசி, 14 நாள் கழித்து இன்னொன்று. ஜிப்சோனி என்ற சிறிய வகைக்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள். ஆகவே போன தடவை எழுதிய சீட்டைக் காட்டி நீங்களே மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் வீடு. பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் படுக்கை மடிப்பிலும்தான் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, அந்த இடுக்குகளுக்கும் மருந்தடிக்க வேண்டும். தடுப்பு மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. அவற்றில் சில வலிப்பைத் தூண்டக்கூடும், அதனால் நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து அதன் மேல் படவே கூடாது. உயிரே போய்விடும்.

ஒட்டியிருக்கும் உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது எதுவும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுங்கள்.