அணை கட்டுன ஜான் எந்த ஜான்? ஒரே பேர்ல வர்ற பதிவுகளைப் பிரிக்கிற கணக்கு

மேலூர் பக்கத்துல இருந்து ஒரு டீச்சர் கேட்டுருந்தாங்க. ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்தநாளுக்கு ஸ்கூல்ல பசங்க நெட்ல தேடி தட்டி எழுதுனாங்களாம், அதுல "ஜான் பென்னிகுயிக், சில்லியன்வாலா போரில் வீரமரணம், 1849"னு எழுதி வாசல்ல கட்டியும் வச்சாச்சு. முல்லைப் பெரியாறு அணை திறந்தது 1895, செத்து 46 வருஷம் கழிச்சு வந்தா அணை கட்டுனாருன்னு எட்டாப்பு பய ஒருத்தன் கேக்க, அப்பதான் எல்லாரும் முழிச்சிருக்காங்க. ஒரே பேர்ல இத்தனை பேர் வர்றாங்களே, இதுல யார் எவர்னு கம்ப்யூட்டர்லாம் எப்படி பிரிக்குதுங்கறதுதான் டீச்சரோட கேள்வி.

பசங்களை ஒண்ணும் சொல்லாதீங்க, அந்த 1849 ஆளும் நிஜ ஜான் பென்னிகுயிக்தான், நம்ம இன்ஜினியரோட அப்பா. பிரிட்டிஷ் ராணுவத்துல பிரிகேடியர். பஞ்சாப்ல சீக்கியர்களோட நடந்த சில்லியன்வாலா சண்டையில 1849 ஜனவரி 13ந் தேதி செத்தாரு, கூடவே மகன் அலெக்சாண்டரும், 17 வயசு, அதே களத்துல அதே நாள்ல. நம்மாளு பொறந்தது 1841 ஜனவரி 15, புனேல. கணக்குப் போட்டுப் பாருங்க, எட்டு வயசு நிறைய ரெண்டே நாள் இருக்கப்ப அப்பாவும் அண்ணனும் ஒண்ணா போயிட்டாங்க. அப்புறம் 1899ல நம்மாளுக்கு ஒரு மகன், அவருக்கும் ஜான்னே பேர், அவர் இங்கிலாந்துல பெரிய நீதிபதியா இருந்து 1982ல இறந்த சர் ஜான் பென்னிகுயிக். மூணு தலைமுறை, மூணு ஜான். இது பத்தாதுன்னு ஸ்காட்லாந்துல 17ஆம் நூற்றாண்டுல அலெக்சாண்டர் பென்னிகுயிக்னு கவிதை எழுதற டாக்டர் ஒருத்தர், நம்ம காலத்துல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல காலின் பென்னிகுயிக்னு ஒரு விலங்கியல்காரர். இந்தக் கடைசி ஆளு பறவை எப்படி பறக்குதுன்னு பாக்க ஆப்பிரிக்காவுல பிணந்தின்னிக் கழுகு பின்னாடியே மோட்டார் கிளைடர் ஓட்டிட்டுப் போன மனுஷன், அவரைப் பத்தி இன்னொரு நாள் தனியா எழுதறேன். எல்லாத்துக்கும் மேல எடின்பரோவுக்குத் தெக்கால அந்தப் பேர்ல ஒரு ஊரே இருக்கு, குடும்பப்பேரே அங்க இருந்து வந்ததுதான்.

கம்ப்யூட்டருக்கு முதல் வேலை, எழுத்து மாறி இருந்தாலும் ஒரே பேர்தான்னு பிடிக்கறது. இதுக்கு பழைய வழி ஒண்ணு இருக்கு, சவுண்டெக்ஸ்னு பேர், ராபர்ட் ரஸ்ஸல்ங்கறவர் அமெரிக்காவுல 1918ல பேட்டன்ட் வாங்குனது. முதல் எழுத்தை அப்படியே வச்சுக்க, மிச்சத்துல உயிரெழுத்தைத் தூக்கு, எச்சு, டபிள்யூ, ஒய் தூக்கு, ஒண்ணு போல ஒலிக்கிற மெய்யெழுத்துக்கெல்லாம் ஒரே நம்பர் குடு, நடுவுல உயிரெழுத்து இல்லாம பக்கத்துப் பக்கத்துல இருந்த எழுத்துக்கு அதே நம்பர் வந்தா ஒண்ணாக்கு, மூணு நம்பரோட நிறுத்து. எம், என் ரெண்டுக்கும் 5, சி, கே, க்யூ மாதிரி கூட்டத்துக்கு 2. அப்படிப் பாத்தா பென்னிகுயிக், பெனிகுயிக், பென்னிகுக் எப்படி எழுதுனாலும் முதல் எழுத்துக்கு அப்புறம் 522தான். அருமை, ஆனா அந்த முதல் எழுத்துலதான் நமக்கு வம்பு. நம்ம ப ஒண்ணே ஆங்கிலத்துல பேனாவோட எழுத்துக்கும் (P) நிக்கும், பேட்டோட எழுத்துக்கும் (B) நிக்கும். கம்பம் கூடலூர் பக்கம் வண்டிக் கண்ணாடியில ஆங்கிலத்துல எழுதறவங்கள்ல சில பேர் பேட்டோட எழுத்துல ஆரம்பிச்சுடுவாங்க, உடனே சவுண்டெக்ஸுக்கு அது வேற குடும்பமாயிடும்.

சைடுல ஒண்ணு சொல்லிடறேன். நியூமராலஜி பாத்து பேர்ல ஒரு ஏ, ஒரு எச்சு சேக்கறாங்கல்ல, இல்லன்னா ஒரு எழுத்தை ரெண்டா போடறாங்கல்ல, இந்த முறை தூக்கிப் போடறது அம்புட்டும் அதேதான். காசு குடுத்து சேத்த அதிர்ஷ்டம் சவுண்டெக்ஸ் நம்பர்ல வர்றதே இல்ல. ஆனா பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் எழுத்து எழுத்தா ஒத்துப் பாக்குற எடத்துல மட்டும் மாட்டிக்கிட்டு அலையணும்.

சரி, இப்ப எனக்குப் பிடிச்ச எடத்துக்கு வர்றேன்.

பேர் ஒத்துப்போச்சு, ஆளு ஒண்ணுதானா? இந்த வேலைக்கு ரெக்கார்டு லிங்கேஜ், அதாவது பதிவு இணைப்புன்னு 1946ல பேர் வச்சாங்க. கனடாவுல ஹோவர்ட் நியூகோம்ப்னு ஒரு மரபியல்காரர், அணுசக்தி நிறுவனத்துல வேலை, பரம்பரை நோயைத் தொடர்ந்து பாக்க லட்சக்கணக்கான பிறப்புப் பதிவையும் கல்யாணப் பதிவையும் மெஷின் வச்சு இணைக்கப் பாத்தாரு, 1959ல எழுதுனாரு. 1969ல அங்கயே புள்ளியியல் துறையில இருந்த இவான் ஃபெலெகி, ஆலன் சன்டர் ரெண்டு பேரும் அதுக்கு முழுசா கணக்கு போட்டுக் குடுத்தாங்க.

அதோட உயிர் ரெண்டே கேள்விதான். ஒரே ஆளோட ரெண்டு பதிவா இருந்தா இந்த விவரம் ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? வேற வேற ஆளா இருந்து சும்மா தற்செயலா ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? முதல்லதை ரெண்டாவதால வகுத்து, அதை 2 அடிமான மடக்கையா, அதாவது எத்தனை 2ஐப் பெருக்குனா அது வரும்னு மாத்துனா ஒரு மார்க் வரும். மடக்கை எதுக்குன்னா, வாய்ப்பைப் பெருக்கிட்டே போறதுக்குப் பதிலா மார்க்கைக் கூட்டிட்டுப் போலாம், ஒரு மார்க் ஏறுச்சுன்னா அந்த விகிதம் டபுள் ஆச்சுன்னு அர்த்தம். புரியறதுக்காக நானா ஒரு எண் எடுத்துக்கறேன். எழுத்துப்பிழை அது இதுன்னு போக ஒரே ஆளோட பதிவு 100க்கு 95 தடவை ஒத்துப்போகும்னு வச்சுக்குவோம். ஸ்மித் மாதிரி நூத்துல ஒருத்தருக்கு இருக்கிற பேர்னா 0.95ஐ 0.01ஆல வகுத்தா 95, மார்க் ஆறரை. பென்னிகுயிக் மாதிரி லட்சத்துல ஒருத்தருக்குன்னா அதே ஒத்துப்போறதுக்கு பதினாறரை மார்க். பிறந்த மாசம் ஒத்துப்போனா மூணரைதான், ஏன்னா பன்னெண்டுல ஒண்ணு சும்மாவே ஒத்துப்போகும். ஆணா பெண்ணாங்கறது ஒத்துப்போனா ஒரு மார்க் கூட தேறாது, ஆனா ஒத்துப்போகலைன்னா மூணு மார்க்குக்கு மேல போயிடும். இந்த ஏற்றத்தாழ்வு இருக்கு பாருங்க, எத்தனை தடவை போட்டுப் பாத்தாலும் எனக்கு சலிக்காது.

ஆனா பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கக் கூடாது. பத்து லட்சம் பதிவு கெடக்கு, அதுல ஒண்ணுதான் நம்மாளுதுன்னா, எதையும் பாக்காம ஒண்ணை உருவுனா அது அவரா இருக்க வாய்ப்பு பத்து லட்சத்துல ஒண்ணு, அதாவது மைனஸ் 20ல ஆரம்பிக்கணும். பென்னிகுயிக்குக்கு பதினாறரை, ஜான் அந்தக் காலத்துல பத்துல ஒருத்தர்னு வச்சா மூணு சொச்சம், கூட்டுனா கிட்டத்தட்ட இருவது. மைனஸ் 20ம் பிளஸ் 20ம் சேந்து ஏறக்குறைய பூஜ்யம். அம்புட்டு அபூர்வமான பேர் முழுசா ஒத்துப்போயும் நாம வந்து நிக்கிறது காசு சுண்டிவிட்ட நிலைமையிலதான்!

இன்னும் மோசம் என்னன்னா, அந்த மூணு சொச்சமே கள்ளக்கணக்கு. ஒவ்வொரு விவரமும் தனித்தனி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லைன்னு நம்பித்தான் மார்க்கைக் கூட்டறோம். ஊர் முழுக்க பத்துல ஒருத்தர் ஜான் சரி, பென்னிகுயிக் வீட்டுக்குள்ள? அப்பா ஜான், மகன் ஜான், பேரன் ஜான். குடும்பப்பேர் ஒத்துப்போன பிறகு ஜான் ஒத்துப்போறதுல ஆச்சரியமே இல்ல. அபூர்வமான குடும்பப்பேர் உங்களை வேகமா கூட்டிட்டுப் போய் சரியான வீட்டு வாசல்ல நிறுத்தும், உள்ள இருக்கறவங்கள்ல எவர்னு சொல்லாது. பட்டிமன்றம் மாதிரி "அதே பேரு, அதே பட்டாளம், அவரேதான்"னு அடிச்சுப் பேசறவங்க வழுக்கறது இங்கதான்.

அப்ப எது பிரிக்கும்? தேதி, எடம், தொழில். 1897ல லண்டன்ல சிவில் இன்ஜினியர்ஸ் சங்கத்து வெளியீட்டுல கர்னல் பென்னிகுயிக் பெரியாறைத் திருப்புனதைப் பத்தி எழுதுன கட்டுரை ஒண்ணு இருக்கு. 1899ல ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் ஆத்து வெள்ளத்தை எப்படிக் குறைக்கறதுன்னு ஒரு அறிக்கை, எழுதுனது கர்னல் பென்னிகுயிக். பாக்கறதுக்கு எங்கயோ இருக்கு ஆஸ்திரேலியா, வேற ஆளுன்னுதான் தோணும். ஆனா ரேங்க் ஒத்துப்போகுது, தொழில் ஒத்துப்போகுது, ரெண்டு வருஷம்தான் இடைவெளி, ஆளு ஒண்ணேதான். சில்லியன்வாலா பதிவோ பேர்ல முழு மார்க் வாங்கியும் 1849ங்கற ஒரே எண்ணுல அடிபடுது. சில விவரம் மார்க் குறைக்கும், சாவுத் தேதி ஆளையே ஃபீல்டை விட்டு வெளிய அனுப்பிடும்.

நம்ம மதுரையிலயே இது நடந்துச்சு. 2021ல நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகத்துக்கு எடம் பாத்தப்ப, அங்க இருந்த பழைய பொதுப்பணித்துறை கட்டடம் பென்னிகுயிக் குடியிருந்த வீடு, இடிக்கக் கூடாதுன்னு பெரிய சண்டை. அரசு தரப்புல குடுத்த பதில், கட்டடம் கட்டுனது 1912-13, அவர் இறந்தது 1911. உணர்ச்சியா பேசுன எல்லார் கிட்டயும் பேர் இருந்துச்சு, தேதி யார் கிட்டயும் இல்ல. எனக்கும் அந்த மனுஷன் மேல மரியாதை உண்டு, பேரணையில இருந்து வர்ற பெரியாறு வாய்க்கால் தண்ணியில விளைஞ்ச அரிசியைத் தின்னு வளர்ந்தவன்தான் நானும். அதுக்காக சொல்றேன், லோயர் கேம்ப்ல மணிமண்டபம் கட்டுனது சரி, கூடவே மாவட்ட ரெக்கார்டு ரூம்ல கரையான் தின்னுட்டு இருக்கிற காயிதத்தை ஸ்கேன் பண்ண நாலு ஆள் போட்டு, அதைப் பிரிச்சு இணைக்கிற ஆராய்ச்சிக்கு காலேஜ் பசங்களுக்கு கொஞ்சம் காசு குடுத்தா என்ன? சிலை திறந்தா பேப்பர்ல போட்டோ வரும், ஸ்கேன் பண்ணா வராது, அவ்வளவுதான் காரணம்.

நமக்குத்தான் குடும்பப்பேரே கெடையாதே, இந்தத் தலைவலி இல்லைன்னு நினைக்காதீங்க, நம்ம கதை இன்னும் கெட்டி. தாத்தா பேரை பேரனுக்கு வைக்கிற வழக்கத்தை இனிஷியலோட சேத்துப் பாருங்க. கருப்பையா மகன் மாயாண்டி, க.மாயாண்டி. அவர் மகனுக்கு தாத்தா பேர், மா.கருப்பையா. அவர் மகனுக்கு அவங்க தாத்தா பேர், திரும்ப க.மாயாண்டி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை எழுத்து பிசகாம அதே பேர், அதே இனிஷியல், அதே ஊர், பெரும்பாலும் அதே நிலத்தோட சர்வே நம்பர் கூட. பென்னிகுயிக் வீட்டுலயாவது பிரிகேடியர், கர்னல், நீதிபதின்னு தொழில் பிரிச்சுக் குடுத்துச்சு, இங்க மூணு பேரும் விவசாயம். மேலூர் பக்கம் பேருக்குப் பின்னாடி அம்பலம்னு வரும், ஊர்ல பாதிப் பேர் அம்பலம்னா அதுக்கு மேல சொன்ன கணக்குல ஒரு மார்க் கூட தேறாது. வில்லங்கம் போட்டுப் பாக்கறப்ப தாத்தா வித்த நிலத்தை பேரன் வித்ததா படிச்சுட்டு கோர்ட்டுக்குப் போறவங்க இதனாலதான் போறாங்க.

இதுக்கு பழைய பத்திரம் எழுதுனவங்க ஒரு வழி வச்சிருந்தாங்க. பேரோட நிறுத்தாம "கருப்பையா குமாரர் மாயாண்டி, வயது சுமார் 45"னு எழுதுவாங்க. அந்த சுமார்ல அஞ்சாறு வருஷம் இங்கிட்டும் அங்கிட்டும் போகும், போகட்டும், தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவுல எப்படியும் நாப்பது வருஷம் இருக்கும்ல. பத்திரத்துல இருக்கிற வருஷத்துல இருந்து வயசைக் கழிச்சு பிறந்த வருஷத்தை ஓரத்துல பென்சில்ல குறிச்சுக்கங்க டீச்சர், பசங்களுக்கும் இதையே சொல்லிக் குடுங்க.