கோழிக் கவலையை விடுங்கள், மாத்திரையை விடாதீர்கள்

"டாக்டர், இனிமே கோழி சாப்பிடலாமா? சர்க்கரை சேர்த்தா கட்டி திரும்ப வந்திடுமாமே?" மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து மறுபரிசோதனைக்கு வருகிறவர்கள் கேட்காத நாளில்லை. பதில் சொல்லிக்கொண்டே மாத்திரை அட்டையைக் கேட்பேன். மஞ்சப்பையில் தேடி எடுத்து நீட்டுவார்கள். போன மாதமே தீர்ந்திருக்க வேண்டியது, பாதி அப்படியே இருக்கும். "சாப்பிட்டா உடம்பெல்லாம் அனலா எரியுது, அதான் அப்பப்ப விட்டுட்டேன்." எனக்குக் கவலை கோழியில் இல்லை, இதில்தான்.

மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் தூண்டுதலில் வளர்பவை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈஆர் பாசிட்டிவ்' என்றிருந்தால் உங்களுடையது அந்த வகை. 1896இலேயே கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பைகளை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்று சுருங்குவதைப் பதிவு செய்தார். ஈஸ்ட்ரோஜனையே யாரும் கண்டுபிடித்திராத காலம் அது! இன்று அதே வேலையில் பெரும்பங்கை 20 மில்லிகிராம் டாமாக்ஸிஃபென் மாத்திரை செய்கிறது. ஐந்து வருடம் விடாமல் சாப்பிட்டவர்களுக்கு, அந்த ஐந்து வருடத்தில் நோய் திரும்புவது கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது. பதினைந்து வருடக் கணக்கில் இந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எந்தப் பத்தியச் சாப்பாட்டுக்கும் இப்படியொரு கணக்கு கிடையாது. ஈஆர் நெகட்டிவ் என்றால் இந்த மாத்திரையால் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறாரே என்று கேட்க வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது என்பீர்கள். முக்கியமாகக் கொழுப்பிலிருந்து. அங்குள்ள அரோமட்டேஸ் என்ற நொதி அதைத் தயாரிக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரோசோல் மாத்திரை அந்த நொதியைத்தான் அடக்குகிறது. எடை விஷயத்தில் நாங்கள் நச்சரிப்பதற்கு ஒரு காரணம் இது. நம் வீடுகளில் நடப்பதோ நேரெதிர். கீமோ முடிந்தவரைத் தெம்பு வர வேண்டுமென்று கட்டிலிலேயே உட்காரவைத்து, ஆட்டுக்கால் சூப்பும் சத்துமாவுக் கஞ்சியுமாக ஊட்டுகிறார்கள். அன்புதான், ஆனால் ஆறு மாதத்தில் ரவிக்கை எதுவும் பத்தாமல் போகிறது. தினமும் அரைமணி நேரம் வேர்க்க நடந்தால் எடை மட்டுமல்ல, லெட்ரோசோலால் வரும் மூட்டுவலியும் தணியும். காலையில் விரல் மடங்காமல் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்பவர்களுக்கு முதலில் நான் எழுதித் தருவது நடைதான். இந்த மாத்திரை எலும்பையும் தேய்க்கும். எலும்பு அடர்த்தியை ஸ்கேனில் பார்த்து, கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ப்போம்.

சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் உண்டே என்று பயப்பட வேண்டியதில்லை, உணவாக இருக்கும்வரை. மதுவுக்கு நல்ல அளவு என்று ஒன்று இல்லை.

உடல் அனலாய் எரிவதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். எங்களிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது. மனச்சோர்வுக்கு வேறு டாக்டரிடம் போனால் டாமாக்ஸிஃபென் சாப்பிடுவதையும் சொல்லுங்கள்; பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் இரண்டும் அது உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கக்கூடியவை. மாதவிடாய் நின்றவருக்கு மறுபடி ரத்தம் பட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள், கர்ப்பப்பையைப் பார்த்தாக வேண்டும்.

இளம்பெண்களுக்கு ஒன்று. கீமோவில் மாதவிடாய் நின்றாலும் கரு தங்கலாம், டாமாக்ஸிஃபென் கருவைப் பாதிக்கும். காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழியே சரி. குழந்தை வேண்டுமென்றால் மறைக்காமல் கேளுங்கள். ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மருந்து சாப்பிட்டபின் இரண்டு வருடம்வரை இடைவெளி விட்டவர்களுக்கு, குறுகிய காலத்தில் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த இடைவெளியை எப்போது தொடங்குவது, பால்குடி மறந்ததும் எப்போது மருந்துக்குத் திரும்புவது என்று உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து தேதி போட்டுக்கொள்ளுங்கள்.