சாம்பார் வாளி விழுந்தால் ஏன் ஓடுகிறான்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சிறுவர் இல்லம் ஒன்றில் காப்பாளராக இருக்கிறார். அங்கே 13 வயதுப் பையன் ஒருவன். பந்தியில் யாராவது சாம்பார் வாளியைக் கைதவறிப் போட்டால், தட்டை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறானாம். இழுத்தால் கடிக்கிறான். "வாரம் ஒருநாள் கவுன்சலிங். அந்த அறையில் தங்கமான பிள்ளை சார். இங்கே வந்தால் பழைய கதைதான். நடிக்கிறானா?"

நடிக்கவில்லை. காதில் விழும் சத்தம் என்ன ஏது என்று யோசித்து முடிப்பதற்குள், மூளைக்குள் இருக்கும் பாதாம்பருப்பு அளவு அமிக்டலா என்ற பகுதி அபாயமணி அடித்துவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, கால் ஓடுகிறது. அடியும் உதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த மணி சின்னச் சத்தத்துக்கே அடிக்கும்.

1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது, உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வக நாய்கள் கூண்டுக்குள் மூக்கை மட்டும் நீட்டித் தத்தளித்து, கடைசி நேரத்தில் மீட்கப்பட்டன. பிறகு கதவிடுக்கில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டதற்கே, தேறிவந்த ஒரு நாய் மறுபடி நிலைகுலைந்தது. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, பயம் போவது எப்படி? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை வருகிறது. ஓர் எலியைப் பெட்டியில் விட்டு, ஒரு சத்தம் எழுப்பி, கூடவே லேசாக ஷாக் கொடுக்கிறார்கள். சில தடவைகளில் சத்தம் கேட்டாலே உறைந்து நிற்கும். அப்புறம் வேறொரு பெட்டிக்கு மாற்றி, ஷாக் இல்லாமல் வெறும் சத்தம், திரும்பத் திரும்ப. பயம் தெளிந்துவிடுகிறது. இப்போது பழைய பெட்டியில் விட்டால்? பயம் திரும்பிவிடுகிறது. அது போகட்டும், எலி முன்பின் பார்த்திராத மூன்றாவது பெட்டியில் விட்டாலும் திரும்பிவிடுகிறது! வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பூட்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். பயம் அழிவதில்லை. "இந்தச் சத்தம் ஒன்றும் செய்யாது" என்ற புதுப் பாடம் அதன்மேல் படிகிறது. பயம் போகிற இடமெல்லாம் கூடவே வரும். அந்தப் புதுப் பாடமோ படித்த இடத்திலேயே தங்கிவிடப் பார்க்கும்.

பையனுக்குக் கவுன்சலிங் அறைதான் அந்த இரண்டாவது பெட்டி. பந்திக்கூடம் வேறு பெட்டி. அங்கே பாடம் இன்னும் நடக்கவில்லை. அதை நடத்த வேண்டியவர்கள் சமையல் அக்காவும் இரவுக் காவலாளியும்தான். பின்னாலிருந்து தொடாமல், "தம்பி, நான் வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவது. விளக்கை அணைக்கும் முன் சொல்லிவிட்டு அணைப்பது. அவன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் இழுக்காமல், சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து காத்திருப்பது. அபாயமணி அடித்துக்கொண்டிருக்கும்போது புத்திமதி ஏறாது. மனக்காயம் அறிந்த பராமரிப்பு (trauma-informed care) என்று நிபுணர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிக்க அழைத்துப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது அவனுக்கு இன்னொரு ஷாக். இல்லத்தில் பிள்ளையை அடிப்பது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 82-ஆம் பிரிவின்படி குற்றம். கட்டடத்துக்கும் கேமராவுக்கும் கிடைக்கிற பணம், ராத்திரி பிள்ளைகளோடு படுக்கிற அக்காவின் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் கிடைக்க வேண்டும். ஆள் மாறினால் பாடமும் முதலிலிருந்து தொடங்கும்.

அந்த வாசகிக்கு: கவுன்சலிங் அம்மாவையே ஒருநாள் பந்திக்கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் வேண்டாம், கூடம் காலியாக இருக்கும்போது. பையன் பக்கத்தில் அவர் உட்காரட்டும். அவன் "சரி" என்ற பிறகு, சமையல் அக்கா வெறும் வாளியை அவன் கண்ணெதிரே மெதுவாகத் தரையில் வைக்கட்டும். அன்றைக்கு அவ்வளவு போதும்.