போர்டு மரத்துக்குள் இருந்தால் சலான் செல்லுமா?

"அங்க போர்டே இல்லைங்க சார்." நோ பார்க்கிங் சலானோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் போர்டு இருக்கும். வேப்பங்கிளைக்கு நடுவிலோ, காதுகுத்து ஃபிளெக்ஸுக்குப் பின்னாலோ இருக்கும். இல்லாத போர்டுக்கு வாதாடுவதைவிட, இருக்கிற போர்டு ஓட்டி வருகிறவர் கண்ணில் படாது என்று காட்டுவதுதான் நீதிமன்றத்தில் நிற்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 116-இன்படி போக்குவரத்துப் பலகை வைக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் உண்டு. பலகையின் அளவு, நிறம், வடிவம் எல்லாம் அட்டவணையில் உண்டு. சிவப்பு விளிம்போடு நீல வட்டம், குறுக்கே ஒரே சிவப்புக் கோடு என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. பெருக்கல் குறிபோல இரண்டு கோடு இருந்தால் சும்மா நிற்கவே கூடாது. "மீறி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று கேட்டில் தொங்குகிற தகரத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. காற்றைப் பிடுங்க வீட்டுக்காரருக்கு உரிமையும் இல்லை.

அதற்காக அந்த வாசலை மறித்து நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. வீட்டு வாசல், நடைபாதை, பேருந்து நிறுத்தம், தெருமுனை இங்கெல்லாம் போர்டே இல்லாவிட்டாலும் நிறுத்துவது தவறு. 2017-இன் மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. இந்த மாதிரி சலானோடு வந்தால் கட்டிவிடுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

ஜவுளி விற்பனைப் பிரதிநிதி ஒருவரின் வழக்கு நினைவிருக்கிறது. போர்டுக்குக் கீழே இருந்த அம்புக்குறி வெளுத்துப்போய், தடை இடப்பக்கமா வலப்பக்கமா என்றே தெரியாது. அவர் எடுத்திருந்தது ஒரே படம், போர்டுக்கு முகத்துக்கு நேராக. அதைப் பார்க்கிற எவரும் "நன்றாகத்தானே தெரிகிறது" என்பார்கள். நான் போனபோது அங்கே புதுப் போர்டு பளபளத்தது! நல்லவேளை, கூட வந்த நண்பர் தெருமுனையிலிருந்தே வீடியோ எடுத்து வைத்திருந்தார்.

ஆக, படத்தை அன்றே எடுங்கள். வந்த திசையில் முப்பது அடி பின்னால் போய், ஓட்டுகிறவர் கண் உயரத்தில் எடுங்கள். உங்கள் வண்டி, போர்டு, பக்கத்துக் கடைப் பெயர் மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். இரவில் நடந்தது என்றால் இரவில்தான் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சாட்சிக்கு, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியம் பிரிவு 63-இன்கீழ் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

சலான் தொகையைக் கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் எதிர்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. கட்டாமல் விட்டு அது ஆன்லைனில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், அபராதம் கட்டவும் வழக்கை எதிர்க்கவும் அங்கே வழி இருக்கும். எதிர்ப்பதாகச் சொன்னால் அந்தப் பகுதி நீதிமன்றத்துக்கு வழக்கு போகும்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177-இல் அபராதம் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை. ஜவுளிக்காரர் விடுதலையானார், ஆனால் இரண்டு வாய்தாவுக்கு இரண்டு நாள் சம்பளம் போனது. தினமும் அதே தெருவில் நிறுத்துகிறவர் என்பதால் அவருக்கு அது தகும். எல்லாருக்கும் தகும் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொருவர், போர்டை மறைத்த ஃபிளெக்ஸை ஒரு கையால் விலக்கிப் பிடித்து, மறு கையால் படம் எடுத்துக்கொண்டு வந்தார். போர்டு அவ்வளவு தெளிவு. கட்டிவிடுங்கள் என்றேன்.